பார்த்து நிற்பவர் பங்கு

வினை வந்து சேரும் வழிகளை ஆராயும் நம் நூல்கள், செய்தவனை மட்டும் பிடித்து நிறுத்திக் கணக்கை முடித்துவிடுவதில்லை. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என்னும் மூன்றையும் அவை ஒரே தட்டில் வைத்து நிறுக்கின்றன. தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் இம்மூன்றையும் மனம், மொழி, மெய் என்னும் மூன்றோடும், எண்ணுதல், ஆயத்தம் செய்தல், தொடங்குதல் என்னும் மூன்றோடும், குரோதம் முதலிய கஷாயங்கள் நான்கோடும் பெருக்கி 108 என்று கணக்கிடுகின்றது. செபமாலையில் மணிகள் 108 இருத்தற்கு இதனையே காரணமாகப் பெரியோர் கூறுவர். ஆகவே, 'நான் ஒன்றும் செய்யவில்லையே, பார்த்துக்கொண்டுதானே நின்றேன்' என்ற சமாதானம் ஒரு சிராவகனுக்குக் கிடையாது.

இந்தக் கோட்பாட்டை நாம் பெரும்பாலும் உணவு விஷயத்தில்தான் எடுத்தாள்கின்றோம். கொன்றவன் வேறு, விற்றவன் வேறு, உண்டவன் வேறு என்ற வாதத்தை மறுக்க அது நமக்குக் கைகொடுக்கின்றது. ஆனால் உடன்படுதலுக்கு ஒளியுள்ள மறுபக்கமும் உண்டு. வஜ்ரஜங்கனும் ஸ்ரீமதியும் கானகத்தில் முனிவர்க்கு ஆகார தானம் அளித்தபோது, அருகில் நின்ற புலியும் பன்றியும் குரங்கும் கீரியும் அதனைக் கண்டு உள்ளம் மகிழ்ந்தன. அந்த மகிழ்ச்சியே அவற்றைப் போகபூமியில் பிறப்பித்தது என்று ஆதிபுராணம் கூறும். கொடுக்கப் பொருளும் இல்லாத, ஏந்தக் கையும் இல்லாத உயிர்கள் அவை. பார்த்தன, மகிழ்ந்தன, அவ்வளவே. இவ்விரு பக்கத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், பார்த்து நிற்பவனுடைய பங்கு யாது, அது எப்போது நன்மையாகின்றது, எப்போது தீமையாகின்றது என்னும் கேள்வி எழுகின்றது. இக்கேள்வியை ஈண்டு நாம் கோயில் விழாவை வைத்தோ தர்மசாலையை வைத்தோ ஆராயப் போவதில்லை. பெருநகரத் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் ஓட, இலட்சக்கணக்கானோர் நின்று பார்க்கும் மாரத்தான் ஓட்டத்தை வைத்தே ஆராய எண்ணுகின்றோம். குறிப்பாக, ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் இலண்டன் மாநகரில் நடைபெறும் ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். மகன் குடும்பத்தோடு ஒரு முறை தேம்ஸ் நதியின் கோபுரப் பாலத்தருகே நின்று நாம் நேரில் கண்டது அது.

ஓட்டத்தின் தொலைவு 26 மைல் 385 கெஜம். இன்றைய கணக்கில் 42.195 கிலோமீட்டர். இந்த விசித்திரமான எண்ணிக்கையே பார்வையாளரால் வந்ததுதான். 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில், வின்சர் அரண்மனையில் தொடங்கி, விளையாட்டரங்கில் அரச குடும்பத்தார் அமர்ந்திருந்த இடத்தின் முன் முடியுமாறு பாதை வகுத்தனர். 1921இல் அத்தொலைவே எங்கும் பொதுவாக்கப்பட்டது. அரசியார் எங்கே அமர்ந்து பார்த்தார் என்பதற்காக இன்றளவும் உலகமெங்கும் மக்கள் கால் வலிக்க அந்த 385 கெஜம் ஓடுகின்றனர் என்பது நமக்குச் சற்று வேடிக்கையாகவே தோன்றுகின்றது.

இப்போதைய இலண்டன் ஓட்டம் 1981இல் தொடங்கியது. தடை தாண்டும் ஓட்டத்தில் 1956இல் ஒலிம்பிக் வெற்றி பெற்ற கிறிஸ் பிராஷர் என்பவர், 1979இல் நியூயார்க் நகர ஓட்டத்தில் தாமும் ஓடினார். அங்கே வழியெங்கும் நின்று, முன்பின் அறியாதவர்களை ஊக்கி மகிழ்ந்த பல இன மக்களைக் கண்டு வியந்து, இலண்டனிலும் இப்படி ஒன்று நடக்கக் கூடுமா என்று பத்திரிகையில் எழுதினார். அதன் விளைவே இது. முதல் ஆண்டில் ஓடி முடித்தோர் ஏறத்தாழ 6 ஆயிரம் பேர். 2025ஆம் ஆண்டிலோ 56 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர்.

இனி நமது கேள்விக்கு வருவோம். நம் சமய நோக்கில் முதல் தடை ஒன்று உண்டு. அதனை மறைத்துப் பேசுதல் முறையன்று. அநர்த்த தண்ட விரதத்தை விளக்கும் பூஜ்யபாதர், தமது சர்வார்த்தசித்தியில், பயனின்றிப் பாவம் விளைக்கும் அபத்தியானத்துக்கு உதாரணம் கூறுங்கால், பிறரைக் கொல்லுதல், கட்டுதல் முதலியவற்றோடு பிறருடைய வெற்றி தோல்விகளை எண்ணிக்கொண்டிருத்தலையும் சேர்த்தே சொல்கின்றார். சேவற்சண்டையும் கிடாச்சண்டையும் பார்க்கலாகாது என்பதை நாம் ஒப்புக்கொள்கின்றோம். ஆனால் 'இவன் வெல்லவேண்டும், அவன் தோற்கவேண்டும்' என்று மனத்துக்குள் சூடேறி உட்கார்ந்திருப்பதே குற்றம் என்றால், தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்க்கும் நம் இல்லங்களில் எத்தனை பேர் தேறுவர்? விரதத்தை நாம் தளர்த்திப் பொருள் கொள்ளலாகாது. வெற்றி தோல்வியில் மனத்தை ஒட்டவைத்துப் பார்த்தல் அபத்தியானம்தான். அப்படியானால் மாரத்தானைப் பார்த்தலும் அதில் அடங்குமா?

நாம் நேரில் கண்ட ஒன்றே இதற்கு விடை தந்தது. முன்னணியில் ஓடுவோர் வந்தனர். சிறு கைதட்டல் எழுந்தது. நம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் அவர்கள் பாலத்தைக் கடந்துவிட்டனர். உலகத்திலேயே சிறந்த ஓட்டக்காரர்களை நாம் கண்டது அரை நிமிடம்கூட இராது. அத்துடன் எல்லோரும் கலைந்துவிடுவர் என்றே எண்ணினோம். கூட்டம் அதற்குப் பின்னரே பெருகியது! வென்றவர் இன்னார் என்பது முடிவாகிப் பரிசும் வாங்கியிருப்பார். அதன் பிறகும் மணிக்கணக்காக மக்கள் நின்றனர். யாருக்காக? தபால்காரர்கள், செவிலியர்கள், தாத்தாமார்கள், தடித்த உடம்பினர், நொண்டி நடப்போர் ஆகிய பெயர் தெரியாத பல்லாயிரவருக்காக. பெயர் தெரியாத என்று சொல்வதும் தவறு. ஓடுவோர் தம் பெயரைச் சட்டையின் முன்புறம் எழுதி ஒட்டிக்கொள்கின்றனர். நிற்பவர்கள் அதனைப் படித்து அப்பெயர் சொல்லியே கூப்பிடுகின்றனர். தன் தாய் அழைப்பதுபோல் ஓர் அந்நியர் தன் பெயரைச் சொல்லி அழைக்கக் கேட்டதும், தலை கவிழ்ந்து வந்தவர் நிமிர்வதைக் கண்டோம். இங்கே எவருடைய வெற்றிக்காகவும் எவருடைய தோல்வியும் வேண்டப்படவில்லை. பூஜ்யபாதர் கண்டித்த மனநிலை இதுவன்று என்பது நமது துணிபு. முதல் ஆண்டாகிய 1981இல், அமெரிக்கர் ஒருவரும் நார்வே நாட்டவர் ஒருவரும் முன்னணியில் ஓடிவந்து, இறுதிக் கோட்டைக் கைகோத்துக்கொண்டே ஒன்றாகக் கடந்தனர். அவ்வோட்டத்துக்கு அது நல்ல சகுனமாக அமைந்தது.

போட்டியே நம் மரபுக்குப் புறம்பு என்பாரும் உளர். அவர்கள் ஸ்ரீபுராணத்தை மறந்தவர்கள். பரதனும் பாகுபலியும் போருக்கு எதிர்நின்றபோது, இரு திறத்து அமைச்சரும் கூடி, குற்றமற்ற சேனைகள் ஏன் மடியவேண்டும் என்று எண்ணி, உடன்பிறந்தார் இருவரும் நோக்குப் போர், நீர்ப்போர், மற்போர் ஆகிய மூன்றில் மட்டும் பொருதுக என்று முடிவு செய்தனர். படைகள் பார்த்து நின்றன. உலகத்தில் பார்வையாளர் கூட்டம் ஒன்றால் விளைந்த மாபெரும் நன்மை அதுவாகவே இருக்கக்கூடும். ஏனெனில் பார்த்து நின்றதனாலேயே அவர்கள் கொல்லவுமில்லை, கொல்லப்படவுமில்லை. மூன்றிலும் வென்ற பாகுபலி, வென்ற கணத்திலேயே அனைத்தையும் துறந்தார் என்பது அதற்கு மேலும் ஒரு படி. அந்த உயரத்தை நாம் ஓட்டக்காரர்களிடம் எதிர்பார்க்கவில்லை.

ஓடுவோர் படும் உடல் வருத்தம் தவமாகுமா என்று நம் பேத்தி வினவினாள். ஆகாது என்றோம். புறத்தவங்களுள் காயக்கிலேசம் ஒன்று. அது உடற்பற்றைக் குறைத்தற்பொருட்டுத் தாங்கப்படுவது. பதக்கத்தையோ புகழையோ குறித்துத் தாங்கப்படும் வருத்தத்தில் நிதானம் என்னும் முள் தைத்திருக்கின்றது. (நாம் அன்றாடம் சொல்லும் நிதானம் வேறு, இது பயன் வேண்டிக் கட்டும் சங்கற்பம். இரண்டையும் குழப்பிக்கொள்ளும் இளைஞர்கள் பலர்.) அன்றியும், நான்கு முழம் முன்னே நோக்கி நடக்கவேண்டும் என்னும் ஈரியா சமிதி, ஓடுகின்ற காலுக்கு எவ்வாறு கைகூடும்? எனவே தவம் என்று பெயர் சூட்டவேண்டா. நல்ல உழைப்பு என்று சொன்னாலே போதும்.

பார்ப்பவர் பங்கு உண்மையிலேயே சோதிக்கப்படுவது, ஓடுபவர் விழும்போதுதான். இதில் இரண்டு நிகழ்ச்சிகளை நாம் அருகருகே வைத்துச் சிந்திக்க விரும்புகின்றோம்.

முதலாவது, மேலே சொன்ன 1908ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் நிகழ்ந்தது. இத்தாலி நாட்டுத் தின்பண்டத் தொழிலாளியான டொராண்டோ பியெத்ரி என்பவர் முதலாவதாக அரங்கினுள் நுழைந்தார். வெயிலிலும் களைப்பிலும் அறிவு மயங்கித் தவறான திசையில் ஓடத் தொடங்கினார். திருப்பிவிட்டனர். விழுந்தார். எழுப்பினர். மீண்டும் மீண்டும் விழுந்தார். எஞ்சியிருந்த சில நூறு கெஜத்தைக் கடக்க ஏறக்குறைய பத்து நிமிடம் ஆயிற்று. அரங்கு முழுவதும் எழுந்து நின்று ஆரவாரித்தது. அதிகாரிகள் அவரைத் தாங்கி இறுதிக் கோட்டைக் கடக்கவைத்தனர். பின்னர் அமெரிக்கர் முறையிட, உதவி பெற்றார் என்று அவர் நீக்கப்பட்டு, இரண்டாவதாக வந்த ஜானி ஹேய்ஸ் வென்றவரானார். மறுநாள் அலெக்சாண்டிரா அரசியார் இரக்கம் கொண்டு பியெத்ரிக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளிக் கிண்ணம் ஒன்றை வழங்கினார்.

இரண்டாவது, 2017ஆம் ஆண்டு இலண்டன் ஓட்டத்தில் நிகழ்ந்தது. இறுதிக் கோடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஓர் ஓட்டக்காரர் கால் மடங்கித் தள்ளாடி விழுந்தார். அவரைக் கடந்து செல்லவிருந்த வேறொருவர், தம் கடிகாரக் கணக்கை விட்டுவிட்டு நின்றார். திரும்பி வந்து அவரைத் தோளில் தாங்கினார். தொண்டர் ஒருவரும் மறுபுறம் தாங்க, மூவராக மெல்ல நடந்து முடித்தனர். அவர்களை எவரும் நீக்கவில்லை. உலகம் முழுதும் பாராட்டியது.

இரண்டு நிகழ்ச்சியிலும் விழுந்தவனைத் தாங்கிய கைகளே உள்ளன. ஒன்று குற்றமாகவும் மற்றொன்று அறமாகவும் நமக்குத் தோன்றுவது ஏன்? விதி மாறியது, முதற்பரிசு சம்பந்தப்பட்டது, சம்பந்தப்படவில்லை என்று வழக்கறிஞர் கூறுவர். அது உண்மையே, ஆயினும் நமது ஆராய்ச்சி அங்கே நிற்கலாகாது. 1908இல் நினைவு தப்பிய ஒரு மனிதனுக்கு அந்தக் கணத்தில் வேண்டியது நிழல், நீர், படுக்கை, வைத்தியர். அவனை எழுப்பி எழுப்பி ஓடவிட்டது யாருடைய விருப்பம்? அவன் விருப்பம் என்று கூற இயலாது. அவனுக்குத் திசையே தெரியவில்லை. அவன் வெற்றியைக் கண்டு களிக்கவேண்டும் என்ற பல்லாயிரவர் ஆசையே அதிகாரிகளின் கைகளாக நீண்டது. உடன்படுதல் செய்வித்தலாயிற்று, செய்வித்தல் செய்தலும் ஆயிற்று. மூன்றும் ஒரே வரிசையில் நின்றதை இத்துணைத் தெளிவாகக் காட்டும் வேறொரு நிகழ்ச்சியை நாம் அறியோம். அவர்களைக் கொடியவர் என்று நாம் சொல்லவில்லை. இரக்கமும் அங்கே இருந்தது. ஆனால் இரக்கத்துக்குள் தம் ஆசை கலந்திருந்ததை அவர்கள் அறியவில்லை.

2017இல் நின்றவரோ தம் ஆசையை முதலில் இறக்கி வைத்தார். பிறகே பிறர் சுமையைத் தூக்கினார். விழுந்தவர் நினைவோடு முன்னே செல்ல முயன்றுகொண்டிருந்தவர். அவர் விரும்பிய திசையில் அவருக்குத் தோள் கிடைத்தது. நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஸ்திதிகரணம் என்று ஒன்று கூறுகின்றோமே, தன் நிலையினின்று வழுவுகின்றவனை அந்நிலையிலேயே நிறுத்துதல், அது நினைவுக்கு வருகின்றது. துறவில் தளர்ந்த நண்பன் புஷ்படாலனை வாரிசேண முனிவர் நிலைநிறுத்திய கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். வாரிசேணர் அரண்மனைக்கே அழைத்துச் சென்று காட்டியது, தாம் விட்டுவந்தவற்றையன்றோ! தான் விடாதவன் பிறனை நிறுத்த முடிவதில்லை. ஓட்டத்தை ஸ்திதிகரணத்துக்குச் சமம் என்று நாம் சொல்லவில்லை. கையின் அமைப்பு ஒன்றே என்று மட்டும் சொல்கின்றோம்.

இதிலிருந்து, நின்று பார்ப்பவர் எழுப்பும் குரலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 2018ஆம் ஆண்டு ஓட்ட நாளில் இலண்டனில் வெப்பம் 24 டிகிரி செல்சியசைத் தாண்டியது. நமக்கு அது மார்கழிக் குளிர். குளிரில் பயிற்சி செய்துவந்தவர்களுக்கோ கொடுமை. அந்த ஓட்டத்தின் வரலாற்றிலேயே வெப்பம் மிகுந்த நாள் அது. 22 மைலைக் கடந்த நிலையில் 29 வயதான இளைஞர் ஒருவர் வீழ்ந்து, மருத்துவமனையில் உயிர் துறந்தார். அவர் ஓடாது விட்ட 3.7 மைலை, அவரை அறியாத பலர் பின்னர் தத்தம் ஊர்களில் அவர் பெயரால் ஓடி நிறைவு செய்தனர். அவர் மரணத்துக்குப் பார்த்து நின்றவர் எவரும் காரணர் அல்லர். ஆயினும் அப்படிப்பட்ட நாளில் தள்ளாடி வரும் ஒருவரை நோக்கி 'நிற்காதே, விடாதே, போ, போ' என்று கூவுவது நல்ல அநுமோதனையா என்று நாம் எண்ணிப் பார்த்தோம். கூவுபவர்க்கு ஓடுபவரின் இதயத் துடிப்பு தெரியாது. அவர் நிற்க விரும்புகின்றாரா என்பதும் தெரியாது.

நாம் பணியாற்றிய பள்ளி ஒன்றின் விளையாட்டு விழாவில், நெடுந்தூர ஓட்டத்தின் கடைசிச் சுற்றில் ஒரு சிறுமி தானாகவே நின்று, ஓடுபாதையை விட்டு விலகி மரத்தடியில் அமர்ந்துகொண்டாள். அவள் வகுப்பினர் 'ஐயையே' என்று கேலி செய்தனர். உடற்பயிற்சி ஆசிரியை, பரிசளிப்பு முடிந்ததும் அவ்வகுப்பை அழைத்து, 'உங்கள் கூச்சலுக்கு நடுவே நிற்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் தெரியுமா?' என்று மட்டும் கேட்டார். ஆசிரியப் பயிற்சியில் குழந்தையை ஊக்குவிக்கும் முறைகள் பலவற்றை நமக்குக் கற்பித்தனர். குழந்தை நிற்கவும் இடம் விட்டு ஊக்குவிக்கும் முறையை அந்த அம்மையாரிடமே நாம் கண்டோம். பெயர் சொல்லி அழைப்பதும், கைதட்டுவதும், நீர் நீட்டுவதும் அத்தகைய ஊக்கங்கள். 'போ, போ' என்பது வேறு.

பார்வையாளரே இல்லாவிடில் என்னாகும் என்பதும் ஒருமுறை தெரிந்தது. கொள்ளைநோய்க் காலத்தில், 2020 அக்டோபரில், தேர்ந்த ஓட்டக்காரர் சிலர் மட்டும் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவைச் சுற்றிச் சுற்றி ஓடினர். மக்கள் எவரும் அனுமதிக்கப்படவில்லை. ஏனைய பல்லாயிரவர் தத்தம் ஊர்த் தெருக்களில் தனித்தனியே அத்தொலைவை ஓடினர். ஓட்டம் நின்றுவிடவில்லை. ஆகவே, நாம் பார்க்காவிட்டால் அவர்கள் ஓடமாட்டார்கள் என்ற செருக்குக்கு இடமில்லை. வஜ்ரஜங்கன் அளித்த தானமும் அந்தக் கீரி பார்த்திராவிட்டாலும் நடந்திருக்கும். இழப்பு கீரிக்குத்தான்.

செய்வித்தல் என்னும் வாயிலை நாம் மறந்துவிடவில்லை. இலண்டன் ஓட்டக்காரருள் பெரும்பாலோர் ஏதேனும் ஓர் அறநிலையத்துக்காக நிதி திரட்டியே ஓடுகின்றனர். 1981 முதல் இவ்வாறு சேர்ந்த தொகை 100 கோடி பவுனைத் தாண்டியுள்ளது. காண்டாமிருகங்களைக் காப்பதற்காக, அவ்விலங்கின் கனத்த வேடத்தை அணிந்துகொண்டே சிலர் முழுத் தொலைவும் ஓடுகின்றனர். பார்க்கச் சிரிப்பு வருகின்றது. ஆயினும் அஃது அபய தானம் அன்றோ! மருத்துவமனைகளுக்குச் செல்லும் பொருள் ஔஷத தானம். ஆனால் வெளிநாட்டு மருத்துவ அறநிலையங்களுள் சில, விலங்குகளை வைத்துச் சோதிக்கும் ஆராய்ச்சிக்கும் நிதி அளிக்கின்றன. பணம் கொடுத்தவர் அங்கே பார்வையாளர் அல்லர், செய்விப்பவர். அயல்நாட்டில் வாழும் நம் பிள்ளைகளிடம் உடன் பணியாற்றுவோர் நன்கொடைத் தாளை நீட்டும்போது, நிதி எதற்குச் செல்கின்றது என்று பணிவோடு கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுக்கலாம். கேட்பதால் எவரும் வருந்துவதில்லை. வயது முதிர்ந்தோரைப் பேணும் இல்லங்களுக்காகவும், கண்ணற்றோருக்காகவும் ஓடுவோர் வேண்டிய மட்டும் இருக்கின்றனர்.

இன்னொரு சிறு விஷயம். சிறிது என்று நாம் நினைத்தாலும், பேத்திக்கு அது பெரிதாக இருந்தது. வழியில் நிற்கும் குழந்தைகள் தட்டுகளில் இனிப்பை ஏந்தி ஓடுவோர்க்கு நீட்டுவது அங்கே வழக்கம். அவ்வாறு பெரும்பாலும் நீட்டப்படுவது குழந்தை வடிவில் செய்த மெல்லிய ஜெல்லி மிட்டாய். அது கால்நடைகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின் சேர்த்துச் செய்யப்படுவது. அவள் தோழியர் தட்டு நிறைய வைத்திருந்தனர். இவளிடமும் ஒரு தட்டைக் கொடுத்து உடன் நிற்க அழைத்தனர். உண்ணாதவள் ஊட்டலாமா என்பது அவள் கேள்வி. ஊட்டலாகாது என்பதும் அவளுக்கே தெரியும். கொடுக்காமல் வெறுங்கையோடு நிற்க மனமில்லை என்பதே அவள் துன்பம். மருமகள் அருகிலிருந்த கடையில் ஆரஞ்சுப் பழம் ஒரு பை வாங்கி வந்தாள். ஓடுபவர் நின்று தோலுரிக்கமாட்டார். முழுப் பழத்தை நீட்டினால் பயனில்லை. ஆகையால் நாமும் மருமகளுமாகப் பாலத்துச் சுவரோரம் நின்று உரித்து, கொட்டைகளை நீக்கிச் சுளை சுளையாகத் தட்டில் அடுக்கிக் கொடுத்தோம். உரிப்பதற்கும் தீர்வதற்கும் சரியாக இருந்தது. மாலை நான்கு மணி வரை இன்னும் இரண்டு பை வாங்க நேர்ந்தது.